தூக்கிப் போட மனசு வராத வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி: ஏன் சேருது, எப்படி குறைக்கறது

அம்மா ஊருக்குப் போற நேரமா பாத்து பரண்ல இருக்கற பழைய சாமான் எல்லாத்தையும் ஆள் விட்டு இறக்கி ஒரே நாள்ல காலி பண்ணிடலாம்னு ப்ளான் வெச்சிருக்கீங்களா? கொஞ்சம் பொறுங்க, இத படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. அப்படி காலி பண்ண வீடு பெரும்பாலும் பழையபடி ரொம்பிடும், கூடவே "என்ன ஒரு வார்த்தை கேட்டியா"ன்னு ஒரு சண்டையும் நிரந்தரமா தங்கிடும், அதுக்கப்புறம் அவங்க முன்னாடி ஒரு உடைஞ்ச டப்பா மூடிய கூட நீங்க தொட முடியாது.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். சாமான் யாரோடதோ அவங்க கையாலதான் அது வெளிய போகணும். மத்தவங்க பண்ண முடிஞ்சதெல்லாம் அந்த முடிவ அவங்களுக்கு கொஞ்சம் சுலபமாக்கறது மட்டும்தான், கீழ இருக்கற எல்லா ஸ்டெப்பும் அதுக்குத்தான். சேர்த்து வெக்கற ஆளே நீங்கதான்னாலும் வழி இதேதான்.

ஸ்டெப் 1: எந்த அளவுல இருக்குன்னு பாருங்க

கொலு பொம்மை பெட்டி பெட்டியா இருக்கற வீடு உண்டு. வருஷம் பூரா பழைய வேட்டியில சுத்தி பரண்ல கிடக்கும், நவராத்திரிக்கு இறங்கும், திரும்ப ஏறும், எந்த பொம்மை எந்த பெட்டியிலன்னு பாட்டிக்கு கண்ணை மூடிட்டு சொல்லத் தெரியும். இது சேகரிப்பு, இதுல கை வெக்காதீங்க. ரெண்டாவது வகை நேரமில்லாம சேர்ந்தது, வீடு மாறினப்ப பிரிக்காம விட்ட அட்டைப்பெட்டி மாதிரி, ரெண்டு லீவு நாள் உக்காந்தா முடிஞ்சிடும்.

மூணாவதுதான் நம்ம விஷயம். ஒரு இடம் எதுக்கு இருக்கோ அந்த வேலைக்கு ஆகாம போயிடறது. கட்டில் இருக்கு, ஆனா மேல துணி மூட்டை இருக்கறதால தரையில படுக்கறாங்க. ரெண்டாவது பாத்ரூம் இருக்கு, உள்ள பக்கெட்டும் பழைய செருப்பும்தான். ஹால்ல நாலு சேர் இருந்தும் விருந்தாளி வந்தா வாசல்லயே நின்னு பேசி அனுப்பறாங்க, ஏன்னா உள்ள கூப்பிட வெக்கம். இந்த நிலைமைக்கு வந்துட்டா அத சோம்பேறித்தனம்னு திட்டி பிரயோஜனம் இல்ல. இதுக்கு ஹோர்டிங் டிஸார்டர்னு பேர், 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுல இத தனி மனநலப் பிரச்சனையா சேர்த்தாங்க, அதுவரைக்கும் ஓசிடியோட (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தற பிரச்சனை) ஒரு கிளை மாதிரிதான் பாத்துட்டு இருந்தாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 நோய்ப் பட்டியல்லயும் இருக்கு. இதுவரைக்கும் நடந்த ஆய்வெல்லாம் சேர்த்துப் பாத்தா நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு இது இருக்கு, டீன் ஏஜ்லயே லேசா தலைகாட்டி வயசு ஏற ஏற கூடுது, வீட்ல கவனிக்கறதுக்குள்ள வயசாயிடும்.

அளந்து பாக்க ஒரு நல்ல முறை இருக்கு. ராண்டி ஃப்ராஸ்ட், கெய்ல் ஸ்டெக்கெட்டினு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த விஷயத்துலயே பல வருஷம் வேலை பாத்தவங்க, அவங்க குழு சமையலறை, படுக்கையறை, ஹால் மூணுக்கும் தனித்தனியா சுத்தமா இருக்கறதுல இருந்து கூரை தொடற வரைக்கும் 9 படம் தயார் பண்ணி வெச்சிருக்கு. உங்க ரூம் எந்த படம் மாதிரி இருக்குன்னு பாத்து நம்பர் போடணும், 4ஓ அதுக்கு மேலயோ போனா கவனிக்க வேண்டிய நிலைமை. அந்த படம் கைல இல்லைன்னா உங்க போன்லயே ஒவ்வொரு ரூமையும் வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுங்க. தினம் பாத்து பழகின கண்ணுக்கு தெரியாதது போட்டோல தெரியும், அதுவும் போக பின்னாடி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு காட்ட இது ஒண்ணுதான் சாட்சி.

இதோட ஆபத்தையும் பாத்துடுங்க. கேஸ் அடுப்பு பக்கத்துல பேப்பர், பிளாஸ்டிக் கவர் அடுக்கியிருக்கா, ராத்திரி கரண்ட் போனா படுக்கையில இருந்து வாசல் வரைக்கும் இடறாம நடக்க முடியுமா, மெயின் ஸ்விட்ச் போர்டு முன்னாடி என்ன நிக்குது, பரண்ல பாரம் ஏத்தி விரிசல் விட்டிருக்கா. மெல்போர்ன் தீயணைப்புத் துறை பத்து வருஷ கணக்க எடுத்துப் பாத்தப்ப மொத்த வீட்டுத் தீ விபத்துல கால் சதவீதம்தான் இந்த மாதிரி வீடு, ஆனா தவிர்த்திருக்கக் கூடிய தீ மரணங்கள்ல 24 சதவீதம் அங்க நடந்திருக்கு. வெளிய ஓட வழி இல்லாததுதான் பெரிய காரணம்.

ஸ்டெப் 2: ஏன் விட முடியலன்னு புரிஞ்சுக்கங்க (இத தாண்டிப் போயிடாதீங்க)

நிறைய பேர் நேரா "எப்படி தூக்கிப் போடறது"க்கு ஓடுவாங்க, அங்கதான் மாட்டிக்குவாங்க.

"அந்த காலத்துல கஷ்டப்பட்டு வளர்ந்தவங்க, அதான் எதையும் விட மாட்டேங்கறாங்க"ன்னு நாம எல்லாரும் சொல்றது உண்டு. ஃப்ராஸ்ட் 1993லயே இத ஆராய்ச்சி பண்ணி பாத்தார், சின்ன வயசு வறுமைக்கும் இதுக்கும் நேரடி தொடர்பு கிடைக்கல. சிக்கனம் வேற, இது வேற. சிக்கனமான ஆள் ஹார்லிக்ஸ் பாட்டில கழுவி அதுல உளுத்தம்பருப்பு போட்டு வெப்பாங்க, இங்க பாட்டில் நாப்பது இருக்கும், பருப்பு கடை கவர்லயே இருக்கும். வறுமைய விட குடும்பத்துல ஓடறதும், இழப்பும் அதிர்ச்சியும்தான் அதிகம் தொடர்புள்ளதா தெரியுது. இந்த பிரச்சனை இருக்கறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் என் குடும்பத்துலயே இன்னொருத்தருக்கும் இருக்குன்னு சொல்றாங்க. உங்க தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டாய ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

ஒரு சாமான் நம்ம கைக்கு வந்த உடனே அதோட மதிப்பு நம்ம மனசுல ஏறிடும், இது எல்லா மனுஷனுக்கும் உண்டு. டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூணு பேரும் 1990ல வெளியிட்ட சோதனை ஒண்ணு, மாணவர்கள்ல பாதிப் பேருக்கு காபி மக் சும்மா குடுத்துட்டு, எவ்வளவுக்கு விப்பீங்கன்னு கேட்டாங்க, மக் கிடைக்காதவங்ககிட்ட எவ்வளவுக்கு வாங்குவீங்கன்னு கேட்டாங்க. வெச்சிருந்தவங்க கேட்ட விலை வாங்க வந்தவங்க சொன்னத விட ரெண்டு மடங்குக்கு மேல. சில நிமிஷம் முன்னாடி ஓசியில வந்த மக்குக்கே இப்படின்னா, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்துக்கு எப்படி இருக்கும்?

இன்னொண்ணு, முடிவெடுக்கறதே அவங்களுக்கு வலி. டேவிட் டோலின்னு ஒரு உளவியலாளரோட குழு 2012ல வெளியிட்ட ஆய்வுல, ஆளை ஸ்கேன் மெஷின்ல படுக்க வெச்சு, அவங்களுக்கு வந்த தபால் காகிதத்த காட்டி வெச்சுக்கறதா கிழிக்கறதான்னு கேட்டாங்க. இந்த பிரச்சனை இருக்கறவங்களுக்கு அவங்க சொந்தக் காகிதம்னு வந்த உடனே மூளையில முடிவெடுக்கறது, ஏதோ தப்பு நடக்கப் போகுதுங்கற உணர்வு இதோட சம்பந்தப்பட்ட பகுதிகள் ரொம்ப அதிகமா வேலை செஞ்சுது. அடுத்தவங்க காகிதம்னா அப்படி ஏறல. அதனாலதான் அத்தை உங்க வீட்டுக்கு வந்தா "இதெல்லாம் எதுக்குடி அடைச்சு வெச்சிருக்க"ன்னு அஞ்சு நிமிஷத்துல ஒதுக்கிக் குடுப்பாங்க, அவங்க வீட்டு அலமாரிய தொறந்தா மூச்சு வாங்கும்.

அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கும், அது பைத்தியக்காரத்தனமா இருக்காது, பெரும்பாலும் நல்ல காரணமாத்தான் இருக்கும். நியூயார்க் ஹார்லெம்ல கோலியர் சகோதரர்கள்னு ரெண்டு பேர், அண்ணன் ஹோமர், தம்பி லேங்லி. 1947 மார்ச்ல போலீஸ் உள்ள போனப்ப ஹோமர் இறந்து கிடந்தார், லேங்லிய காணோம்னு ஊரெல்லாம் தேடினாங்க, கடைசில ஏப்ரல்ல அதே ரூம்ல பத்தடி தூரத்துல சாமான் சரிஞ்சு அதுக்கு அடியில கண்டுபிடிச்சாங்க. வீட்ல இருந்து நூறு டன்னுக்கு மேல எடுத்தாங்க, 14 பியானோ இருந்துது. அதுல மலை மலையா நியூஸ்பேப்பர், அது எதுக்குன்னா, கண் தெரியாம போன அண்ணனுக்கு பார்வை திரும்ப வந்தா விட்டுப்போன செய்தியெல்லாம் படிக்கணும்னு தம்பி எடுத்து வெச்சதாம். இதுக்கு என்ன சொல்லுவீங்க? காரணம் பாசம், முடிவு அப்படி.

நம்ம வீட்ல கேக்கற காரணங்கள் இவ்வளவுதான்: வீணாப் போகக் கூடாது, என்னைக்காவது தேவைப்படும், அவர் ஞாபகமா இருக்கட்டும், காசு குடுத்து வாங்கினது, யாருக்காவது குடுக்கலாம்னு வெச்சிருக்கேன், சாமி சம்பந்தப்பட்டது. எந்த சாமானுக்கு எந்த காரணம்னு தெரிஞ்சாதான் அடுத்த ஸ்டெப் வேலைக்கு ஆகும், ஏன்னா வீணாகக் கூடாதுங்கறவங்களுக்கு அது போய்ச் சேர்ற இடத்த காட்டணும், ஞாபகம்ங்கறவங்களுக்கு ஞாபகத்த வேற விதமா பத்திரப்படுத்தணும், ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஸ்டெப் 3: பேச்ச எப்படி ஆரம்பிக்கறது

"குப்பை", "தூக்கிப் போடு" இந்த ரெண்டையும் ஒரு மாசத்துக்கு வாயில இருந்து எடுத்துடுங்க. அவங்க பொருளுக்கு குப்பைன்னு பேர் வெச்சா அவங்களையே சொன்ன மாதிரிதான் காதுல விழும். வீடு பூரா சுத்தம் பண்ணணும்னும் பேச வேண்டாம். ஒரு இடம், அதுக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். "அப்பா, நீங்க ராத்திரி பாத்ரூம் போறப்ப அந்த நடையில கால் தட்டுது, அந்த ஒரு ஓரத்த மட்டும் பாக்கலாமா?" இதுக்கு பெரும்பாலும் சரின்னுடுவாங்க.

உக்காந்த உடனே போடலாமா வேண்டாமான்னு கேக்காதீங்க, சாமானோட கதைய கேளுங்க:

"அம்மா, இந்த கேஸ்கட் எந்த குக்கரோடது?"
"அது அந்த பழைய அஞ்சு லிட்டருது."
"அந்த குக்கர் எங்கம்மா?"
"அதத்தான் சித்தி தனிக்குடித்தனம் போனப்ப குடுத்துட்டேனே."
"அப்ப இதையும் சித்திக்கு குடுத்து விட்டுடவா?"
"அது எல்லாம் இத்துப் போயிருக்கும்டா, போடு அந்தண்ட."

நீங்க போடுன்னு சொல்லல, அவங்களே சொன்னாங்க. எல்லா சாமானும் இப்படி முடியாது, பத்துல மூணு நாலு இப்படி போனாலே அந்த நாள் நல்ல நாள்.

தொட்டுப் பாத்து சந்தோஷம் வருதான்னு கேட்டு வெக்கறது எடுக்கறதுன்னு ஒரு முறை ரொம்ப ஃபேமஸ், எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல, இவங்களுக்கு எத தொட்டாலும் சந்தோஷம்தான், அதுதானே பிரச்சனையே. அதுக்கு பதிலா "இது வேணும்னா எங்க வெக்கலாம்?"னு கேளுங்க. இடம் சொல்ல சொன்னா யோசிப்பாங்க. இந்த அலமாரிதான் இருக்கு, இதுல எது இருக்கணும்னு அவங்களே தேர்ந்தெடுக்கட்டும், வெளிய போறத தேடறத விட உள்ள இருக்கப் போறத தேர்ந்தெடுக்கறது மனசுக்கு லேசா இருக்கும்.

சிகிச்சையில சொல்லித்தர்ற ஒரு பயிற்சியும் இருக்கு, வீட்லயே பண்ணலாம். விட மனசில்லாத ஒரு சின்னப் பொருள எடுங்க, இப்ப வெளிய போனா எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு 100க்கு ஒரு மார்க் போட சொல்லுங்க. மார்க் போட்டுட்டு அந்தப் பொருள வெளிய அனுப்பட்டும். அன்னிக்கு சாயந்திரம் மறுபடி மார்க், ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. பெரும்பாலும் 80ல ஆரம்பிச்சது தானா இறங்கும், அத அவங்களே பாக்கறதுதான் முக்கியம், நீங்க ஆயிரம் தடவை "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னாலும் அதுக்கு ஈடாகாது.

ஸ்டெப் 4: எங்க ஆரம்பிக்கறது

நடக்கற வழி, அடுப்படி, படுக்கை, இந்த வரிசையில. பரண் கடைசி. பரண்ல இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, யாருக்கும் இடைஞ்சல் இல்ல, அதுவும் போக அங்கதான் ஞாபகச் சாமான் எல்லாம் இருக்கும், முதல் நாளே பழைய ஆல்பம் தொறந்தா அன்னிக்கு வேலை அவ்வளவுதான்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினா ரெண்டு. சாப்பிட்ட உடனே வேண்டாம், சாயந்திரம் களைச்சுப் போய் வேண்டாம். முதல்ல உங்க சாமான்ல ஆரம்பிங்க, கல்யாணமாகிப் போன பொண்ணோட பத்தாவது நோட்டு, அண்ணனோட கிரிக்கெட் பேடு, அமெரிக்கால இருக்கற தம்பியோட இன்ஜினியரிங் புக் இதெல்லாம் அம்மா வீட்லதான் கிடக்கும், அத எடுத்துட்டுப் போகாம அம்மாவ திட்டறது நியாயமே இல்ல.

நாலு குவியல் போதும்: இருக்கட்டும், குடுக்கறது, பழைய சாமான் கடைக்கு, சந்தேகம். சந்தேகத்துக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டி, மேல தேதி எழுதி ஒட்டிடுங்க, அது ரொம்பிடுச்சுன்னா புதுசா ஒண்ணு வெக்கணும்னா உள்ள இருந்து ஒண்ணு எடுக்கணும். ஒரு பொருள கைல எடுத்தா நாலுல ஒண்ணுல போய்தான் விழணும், "அப்புறம் பாக்கலாம்"னு இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு மாத்தறதுதான் இந்த வேலையோட பெரிய எதிரி, நாள் பூரா உழைச்ச மாதிரி இருக்கும், வீட்ல ஒரு கிலோ கூட குறைஞ்சிருக்காது.

ஸ்டெப் 5: சாமான் சாமானா பாக்கலாம்

*காகிதம்.* இதுல மட்டும் அவசரமே கூடாது, மூட்டையா எடைக்குப் போடவும் கூடாது. ஒவ்வொரு கவரா பிரிச்சு, புக்க உதறிப் பாத்துதான் போகணும். கிரயப் பத்திரம், அதுக்கு முந்தின மூலப்பத்திரம், பாகப்பிரிவினை, உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் ஆர்டர், எல்ஐசி பாண்ட் இதெல்லாம் சாகாவரம் வாங்கினது, ஒரு ஃபைல்ல போட்டு உயரத்துல வெச்சிடுங்க (2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில எத்தனை பேர் பத்திரம் கீழ் தட்டுல இருந்து போச்சுன்னு கேட்டுப் பாருங்க). பட்டா, வில்லங்கம் ரெண்டும் இப்ப ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், அதோட பழைய நகல் பத்து வேண்டாம். ஒரிஜினல் பத்திரம் தொலைஞ்சா போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம்னு அலைச்சல்.

பழைய பாஸ்புக் கிடைச்சா கிழிக்காதீங்க. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியோட ஒரு தனி நிதிக்குப் போயிடும், ஆனா உரிமை போகாது, வாரிசு கேட்டு வாங்கலாம், எந்த பேங்க்ல இருக்குன்னு தேட 2023ல உத்கம்னு ஒரு போர்ட்டலே ஆரம்பிச்சிருக்காங்க. தாத்தா பேர்ல ஷேர் சர்டிபிகேட் காகிதமா கிடைக்கற வீடும் உண்டு, ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காம விட்டா பணமும் ஷேரும் ஐஇபிஎஃப்னு ஒரு அரசு நிதிக்கு மாறிடும், அதையும் விண்ணப்பிச்சு மீட்கலாம். இப்படி ஒண்ணு கிடைச்சா போதும், "பாத்தியா, நான் எடுத்து வெச்சதாலதான் கிடைச்சுது"ன்னு அம்மா அடுத்த பத்து வருஷத்துக்கு சொல்லுவாங்க, சொல்லட்டும், உண்மைதானே.

அரிசி டப்பா, புடவை மடிப்புல பணமும் கிடைக்கும். 2016ல செல்லாம போன 500, 1000 இனிமே காகிதம்தான், ஞாபகத்துக்கு ரெண்டு வெச்சுக்கலாம், 10 நோட்டுக்கு மேல வெச்சிருந்தா அபராதம்னு 2017ல சட்டமே போட்டாங்க. 2000 ரூபா நோட்டு 2023ல வாபஸ் ஆச்சு, ஆனா செல்லாதுன்னு அறிவிக்கல, ரிசர்வ் வங்கி ஆபீஸ் மூலமா மாத்தலாம், சென்னையிலயும் இருக்கு.

பெட்ரோல் பில், ஏடிஎம் சீட்டு எல்லாம் எழுத்தே மறைஞ்சு வெள்ளையா இருக்கும், அது தைரியமா போகலாம். இன்கம்டாக்ஸ் சம்பந்தப்பட்டது மட்டும் ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு. அக்கவுண்ட் நம்பர், ஆதார் நம்பர் இருக்கற காகிதத்த முழுசா எடைக்குப் போடாதீங்க, அந்த பகுதிய கிழிச்சு தண்ணியில ஊறப்போட்டுடுங்க.

*சாமி படம் போட்டது.* கல்யாணப் பத்திரிகை, காலண்டர், விபூதி பொட்டலம், கண்ணாடி உடைஞ்ச படம். இத போட கை வராது, எனக்கும் வராது. அரசமரத்தடியில கொண்டு வெக்கறது நம்ம வீட்டுப் பிரச்சனைய தெருவுக்கு மாத்தறதுதான். பத்திரிகையில சாமி படம் இருக்கற துண்ட மட்டும் வெட்டி எடுத்தா மிச்சம் சாதாரண காகிதம். வெட்டின துண்டு மெல்லிசு காகிதமா இருந்தா வாளித் தண்ணியில ஊற வெச்சு கரைச்சு, கால் படாத செடி வேர்ல ஊத்திடுங்க. ஜிகினா, பிளாஸ்டிக் பூச்சு இருந்தா கரையாது, அந்த மாதிரி பெரிய படத்த சட்டத்த கழட்டிட்டு கோவில்ல வாங்கிப்பாங்களான்னு கேளுங்க.

*பாத்திரம்.* ஒவ்வொண்ணுலயும் பேர் வெட்டியிருக்கும், குடுத்தவங்க பேரு, கல்யாண தேதி, சில சமயம் ஊரும். அதனாலதான் இத விட முடியாது, அந்த குடத்த போட்டா பெரியப்பாவையே போட்ட மாதிரி. இங்க ஒரு வழி நல்லா வேலை செய்யுது, பேர் இருக்கற இடத்த போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டு "யாருக்கு வேணும்"னு கேளுங்க. பாதி பாத்திரத்துக்கு ஆள் வரும், பேர் போட்டவங்க பேத்தியே வந்து எடுத்துட்டுப் போவா. மிச்சத்துக்கு ஆள் வரலங்கறதும் அம்மா கண்ணால பாத்துப்பாங்க. பித்தளை அண்டா, வெண்கல உருளி, ஈயச்சொம்பு இத மட்டும் தெருவுல வர்றவர்கிட்ட கண்ணை மூடிட்டு குடுக்காதீங்க. ஈயச்சொம்பு வெள்ளீயத்துல செஞ்சது, பித்தளைய விட பல மடங்கு விலை, பழைய இரும்பு ஈயம் பித்தளைக்கு பேரீச்சம்பழம்னு கூவினவங்களுக்கு அது நல்லாவே தெரியும். பாத்திரக் கடையில எடை போட்டு விலை கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

*துணி.* கட்டறது, கட்டாதது, கிழிஞ்சது. பழைய பட்டுப்புடவையில அசல் வெள்ளி ஜரிகை இருந்தா அதுக்கு விலை உண்டு, ஒரு கடைக்கு ரெண்டு கடையா விசாரிங்க. நல்ல பருத்திப் புடவைய வீணாக்க மனசில்லைன்னா ரெண்டு மூணு சேர்த்து தெச்சு போர்வை பண்ணித் தர்றவங்க இருக்காங்க. யாருக்காவது குடுக்கறதுன்னா துவைச்சு, பட்டன் பாத்து குடுங்க, கிழிசல தானம்னு குடுக்கறது அசிங்கம்.

*எலக்ட்ரானிக்ஸ்.* 2006ல ஆரம்பிச்ச இலவச கலர் டிவி இன்னும் எத்தனை வீட்டுப் பரண்ல இருக்கு! அந்த குண்டு டிவி கண்ணாடியில காரீயம் இருக்கு, உடைச்சு செம்பு எடுக்க விடாதீங்க, ஈ-வேஸ்ட் எடுக்கறவங்க இல்ல மாநகராட்சி சேகரிப்பு நடக்கறப்ப குடுத்துடுங்க. உப்பிப் போன செல்போன் பேட்டரி, பவர் பேங்க் எந்த அலமாரியில இருந்தாலும் இன்னிக்கே வெளிய எடுங்க, அது தீப்பிடிக்கும். எதுக்குன்னே தெரியாத சார்ஜர் வயர் ஒரு கவர் இருக்கும், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

*மருந்து.* தேதி போனத அட்டையில இருந்து உதிர்த்து, காபித்தூள் சக்கை இல்ல மண்ணோட கலந்து கட்டி குப்பையில போடுங்க, முழு அட்டையா போட்டா யாராவது எடுத்து தின்னுடுவாங்க.

*மொட்டை மாடி, கொல்லை.* டயர், தேங்காய் ஓடு, உடைஞ்ச பக்கெட். டெங்கு கொசுவோட முட்டை தண்ணி இல்லாம காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அடுத்த மழைக்கு பொரிக்கும். இது மட்டும் பேச்சுவார்த்தை இல்லாம போகலாம், காரணம் சொன்னா யாரும் தடுக்க மாட்டாங்க. போகியில போட்டு கொளுத்தாதீங்க, டயர் புகை பக்கத்து வீட்டு குழந்தைக்குத்தான் போகும்.

ஸ்டெப் 6: இறந்தவங்க சாமான்

இதுக்கு அவசரம் கிடையாது. கருமாதி முடிஞ்ச கையோட சொந்தக்காரங்க யாராவது "கண்ணுல பட்டா அழுதுட்டே இருப்பா, எல்லாத்தையும் எடுத்துடுங்க"ன்னு கிளம்புவாங்க, விடாதீங்க. வாக்கர், வீல் சேர், வாட்டர் பெட் இந்த மாதிரி இன்னொரு வீட்ல இன்னிக்கே தேவைப்படறத மட்டும் முதல்ல குடுக்கலாம், அது போற இடம் தெரியறதால மனசும் ஒத்துக்கும். கண்ணாடி, வாட்ச், கடைசியா போட்ட சட்டை, கையெழுத்து இருக்கற டைரி, இதுக்கு ஒரு பெட்டி, அந்த பெட்டி யார் கணக்குலயும் வராது. மிச்ச சட்டை வேட்டிக்கு முதல் திதி வரைக்கும் கூட டைம் எடுத்துக்கலாம். அப்பாவோட பத்து சட்டையில ஒண்ணு பையன் போட்டுக்கறதும், ஒண்ணு தலையணை உறையா மாறறதும், அந்த ரெண்டுல எட்டு சட்டையோட ஞாபகமும் வந்துடும்னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்.

ஸ்டெப் 7: அன்னிக்கே வெளிய போகணும்

ஒதுக்கின மூட்டை வாசல்ல ராத்திரி தங்கினா பாதி திரும்ப உள்ள வந்துடும். அதனால பழைய பேப்பர்காரர் வர்ற நாள் தெரிஞ்சு அன்னிக்கு காலையில உக்காருங்க. கிடைக்கற காச அம்மா கையிலயே குடுங்க, அது அவங்க சாமான். "இத யாருக்காவது குடுக்கணும்"னு வெச்சதுக்கு ஒரு பேரும் ஒரு தேதியும் எழுதி ஒட்டுங்க, அந்த தேதிக்குள்ள போகலைன்னா முதல்ல வர்றவங்களுக்கு.

வீட்ல சமாளிக்க முடியலைன்னா

சாப்பாடு கெட்டுப் போயும் விட மாட்டேங்கறாங்க, எலி பூச்சி வந்துடுச்சு, தொட்டாலே பதறி அழறாங்க இல்ல அடிக்க வர்றாங்க, பூனை நாய் கணக்கில்லாம சேருதுன்னா டாக்டர பாக்கணும். இதுக்குன்னு தனி மாத்திரை இதுவரைக்கும் உறுதியா இல்ல, சிபிடிங்கற பேச்சு சிகிச்சைதான் ஓரளவு பலன் தருது, மெதுவாத்தான் தரும். வயசானவங்களுக்கு இதுவரைக்கும் இல்லாம திடீர்னு இந்த பழக்கம் ஆரம்பிச்சா அது மறதி நோயோட அறிகுறியாவும் இருக்கலாம், நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. மன அழுத்தம், ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சனை) இருந்தாலும் வீடு இப்படி ஆகும், அத சரி பண்ணா இதுவும் குறையலாம். 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ் நம்பர் 14416, காசில்லாம தமிழ்லயே பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. கூப்பிடறப்ப "உனக்கு மனநோய்"னு கூட்டிட்டுப் போகாதீங்க, "தூக்கம் வர மாட்டேங்குதுன்னு சொன்னீங்களே, ஒரு தடவை காட்டிட்டு வரலாம்"னு அவங்களே சொன்ன கஷ்டத்துல இருந்து ஆரம்பிங்க.

ஸ்டெப் 8: திரும்ப சேராம இருக்க

வெளிய போறத விட உள்ள வர்றத நிறுத்தறதுதான் கஷ்டம், ஏன்னா நம்ம ஊர்ல நிறைய ஓசியில வருது. கல்யாணத்துக்குப் போனா தாம்பூலப்பை, ஜவுளிக்கடைக்குப் போனா கட்டைப்பை, ஹோட்டல் பார்சல் வாங்கினா மூடி போட்ட கறுப்பு டப்பா. பைக்கு ஒரு ஆணி, டப்பாவுக்கு ஒரு தட்டு, அதுல கொள்ளற அளவுதான் கணக்கு. ஒண்ணு வாங்கினா ரெண்டு இலவசம்னு பாத்தா, வீட்ல அது எங்க உக்காரும்னு இடம் சொல்ல முடிஞ்சா மட்டும் வாங்கறதுன்னு ஒரு பேச்சு வெச்சுக்கங்க. இதுக்கும் ஒரு பயிற்சி உண்டு, தள்ளுபடி சீசன்ல ஆசைப்படற கடைக்குள்ள போயிட்டு ஒண்ணும் வாங்காம வெளிய வர்றது. முதல் தடவை கை நமநமன்னுதான் இருக்கும்.

போனையும் மறந்துடாதீங்க. எடுத்த டிஜிட்டல் போட்டோ எதையும் அழிக்க முடியாம ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்க்கா சேர்த்துட்டு போன ஒரு நெதர்லாந்து ஆளைப் பத்தி 2015ல மருத்துவ இதழ்லயே எழுதியிருக்காங்க. குட் மார்னிங் படம், ஒரே குழந்தையோட ஒரே சிரிப்பு முப்பது போட்டோ, இதாலதான் ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது, வாட்ஸ்அப்ல செட்டிங்ஸ்க்குள்ள போய் ஆட்டோ டவுன்லோட மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.